உப்புக் காற்றில் தொலையும் வோல்ட்

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ராமேஸ்வரம் போகிறேன் என்று யாராவது சொன்னால், டயரில் காற்று இருக்கிறதா, டேங்கில் டீசல் இருக்கிறதா என்று நான் கேட்பதில்லை. எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்கிற எர்த் பட்டையைக் கடைசியாக யார், எப்போது கழற்றிப் பார்த்தார்கள் என்று கேட்கிறேன். பெரும்பாலும் அதற்குப் பதில் வராது. பேட்டரி புதுசுதான் என்பார்கள். பேட்டரி புதிதாக இருப்பது வேறு, அதன் மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது வேறு. இந்தக் கடற்கரையில் அந்த இரண்டுக்கும் நடுவே உப்பு உட்கார்ந்திருக்கிறது.

எங்களுடையது பத்தாண்டுக்கு மேல் ஓடிய டீசல் ஜீப். வாடகை வண்டி. ஓட்டி வந்த தம்பி தூத்துக்குடிப் பக்கம். என்னை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார். மன்னார் வளைகுடாவை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வைப்பாறு, வேம்பார், சாயல்குடி, கீழக்கரை என்று போய், ராமநாதபுரத்தில் திரும்பி, மண்டபம், பாம்பன் வழியாக அரிச்சல்முனை வரை போவது எங்கள் எண்ணம்.

தருவைகுளம் பக்கம் விடியும்போதே உப்பளத்தில் வேலை தொடங்கிவிடுகிறது. பாத்தியிலிருந்து வாரிய உப்பு வரப்போரம் குவிந்திருக்க, லாரிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் அடியில் குனிந்து பார்த்தால் சேசிஸ் ஓரங்கள் செதில் செதிலாக உரிந்திருப்பது தெரியும். உப்பு ஏற்றுகிற வண்டிக்கு மட்டும் வருகிற நோயல்ல இது. மீன் லாரியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீர் சாலையில் விழுகிறது. பின்னால் வருகிற வண்டியின் சக்கரம் அதை வாரித் தன் அடிப்பாகத்திலேயே அடித்துக்கொள்கிறது. காற்றே போதும் என்பதும் உண்மை.

அடிப்பாகத்தில் என்ன இருக்கிறது? பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் கருவிக்கும் வயர் போகிறது. திரும்பி வருவதற்குத் தனி வயர் பெரும்பாலும் கிடையாது. பாடியும் சேசிஸும் எஞ்சினும் ஆகிய இரும்புதான் திரும்பும் வழி. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால் சேசிஸை அது நேராகத் தொடுவதில்லை. இரண்டையும் சேர்த்து வைப்பது பின்னல் செம்புப் பட்டை ஒன்று. செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் எஞ்சினில் பூட்டியவை. (ஆல்டர்னேட்டரைத்தான் பட்டறைகளில் டைனமோ என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.) எங்கள் ஜீப்பைப் போன்ற ஒன்றில், சாவியைத் திருப்பும்போது 200 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் அந்தப் பட்டை வழியாகத்தான் போயாக வேண்டும். அந்தச் சில நொடிகளில் எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

எங்களுக்கு வேம்பாரில் வெளிப்பட்டது. கருப்பட்டி வாங்கிவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது, ஆனால் மனசில்லாமல் பிடித்தது.

“பேட்டரி போச்சு அண்ணாச்சி. சாயல்குடியில ஒண்ணு மாத்திருவோம்” என்றார் தம்பி.

அந்த பேட்டரி வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. என் பையில் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று எப்போதும் இருக்கும். எஞ்சினை நிறுத்தச் சொல்லி, ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்தோம். இதைச் செய்யாமல் அளந்தால் மீட்டர் 12.9, 13 என்று காட்டும். ஓடி வந்த வண்டியில் பேட்டரித் தகடுகளின் மேல்பரப்பில் மட்டும் தங்கியிருக்கும் சார்ஜ் அது, அதை நம்பக்கூடாது. அப்புறம் அளந்தபோது 12.5 வோல்ட்.

ஈய-அமில பேட்டரியில் ஆறு செல்கள். முழுதாக ஏறிய ஒரு செல் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்து 12.6. முக்கால்வாசி இருந்தால் 12.4, பாதி என்றால் 12.2, 12.0 என்றால் கால் பாகம்தான் மிச்சம். ஒரு வோல்ட்டுக்கும் குறைவான இடைவெளிக்குள் நிறைவும் வறட்சியும் அடங்கிவிடுகின்றன. அதனால்தான் 12 வோல்ட் காட்டுதே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு என்று சொல்வதும் தவறாகப் போகிறது. ஆனால் சும்மா நிற்கிற பேட்டரியில் எடுத்த இந்த எண் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு பலம் இருக்கிறது என்று சொல்லாது. தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுப்போன பேட்டரியும் நிற்கும்போது 12.6 காட்டலாம், சுமை ஏறியதும் சரிந்துவிடும். ஆகவே சுமையோடு அளக்க வேண்டும். தம்பி சாவியைத் திருப்ப, நான் பேட்டரி முனைகளிலேயே மீட்டரை வைத்திருந்தேன். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது பட்டறைக் கணக்கு. எங்களுக்கு வந்தது 10.8.

பேட்டரி மேல் குற்றமில்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. செல்ஃப் திணறுகிறது, ஆனால் பேட்டரியின் வோல்ட் விழவில்லை. மின்சாரம் கேட்கப்படுகிறது, போகமுடியவில்லை; வழியில் எங்கோ தடை. செல்ஃப் திணறும்போது பேட்டரி வோல்ட் 8, 7 என்று சரிந்திருந்தால் கதையே வேறு. பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டாரே அளவுக்கு மீறி இழுக்கிறது. ஒரே சத்தம், இரண்டு நோய். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த ஒரு எண்தான். அதை அளக்காமல் புது பேட்டரி விற்கிற பழக்கம் எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறவருக்கு ஒரு பேட்டரியின் விலை பல நாள் வருமானம்.

சாயல்குடியில் எஞ்சினை நிறுத்தாமலே டீ குடித்தோம். ஏர்வாடி தர்காவுக்குப் பிரியும் சாலையைக் கடந்து கீழக்கரைக்கு வந்தோம். பழைய ஜும்ஆ பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை; அன்று அதற்கு நேரமில்லை. ஊருக்கு வெளியே சாலையோரம் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. பெரியவர் ஒருவர் டைனமோ ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“பாய், செல்ஃப் இழுக்குது. பேட்டரி நல்லாருக்குன்னு இவங்க சொல்றாங்க” என்றார் தம்பி.

“சுத்தும்போது எவ்வளவு வந்துச்சு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். 10.8 என்றேன். “அப்ப வயரைப் பாப்போம்” என்று எழுந்துவிட்டார். நல்ல எலக்ட்ரீஷியனுக்கு அந்த ஒரு எண் போதுமாக இருந்தது.

அடுத்த கால்மணி நேரம் அவர் செய்ததை எல்லா வண்டி ஓட்டுநர்களும் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். முதலில் செல்ஃப் மோட்டாரிலேயே மீட்டரை வைத்தார். ஒரு முனை அதன் தடித்த போல்ட்டில், மறுமுனை அதன் உடம்பில். சாவியைத் திருப்பினால் 8.4 வோல்ட். பேட்டரியில் 10.8, செல்ஃபுக்குக் கிடைப்பது 8.4. நடுவே 2.4 வோல்ட் தொலைகிறது. எங்கே என்பதுதான் இனிக் கேள்வி.

பலரும் இங்கே மீட்டரை ஓம் அளவுக்குத் திருப்பி வயரின் இரு முனையிலும் வைத்துப் பார்ப்பார்கள். பூஜ்யம் காட்டும், வயர் நல்லது என்று விட்டுவிடுவார்கள். 200 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட்டைத் தின்ன நூற்றில் ஒரு பங்கு ஓம் போதும். சாதாரண மீட்டரால் அதைப் பார்க்கவே முடியாது. நூறு இழைகளில் ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் ஓம் சோதனையில் அது தேறிவிடும். ஒற்றையடிப் பாதையில் ஆள் நடந்து போய்விடலாம், லாரி போகாது. லாரி போகிறபோதுதான் அளக்க வேண்டும்.

பாய் மீட்டரை வோல்ட்டிலேயே வைத்தார். ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழிலும் மறுமுனையைச் செல்ஃபின் போல்ட்டிலும் வைத்துச் சுற்றச் சொன்னார். 0.3. தடித்த வயரில் அவ்வளவு போகலாம், அது சரி. அடுத்து நெகட்டிவ் குமிழுக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே. நல்ல வண்டியில் இதுவும் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வந்தது 2.1.

“கெடச்சிருச்சு. இனி துண்டு துண்டாப் பாக்கணும்” என்றார்.

குமிழுக்கும் அதைக் கவ்வும் டெர்மினலுக்கும் நடுவே 0.05. டெர்மினலுக்கும் சேசிஸுக்கும் 0.15. சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே 1.9. பட்டையை அவிழ்த்தார். மேலே பார்க்க முழுதாகத்தான் இருந்தது. சேசிஸ் பக்கம் லக்கை, அதாவது போல்ட்டில் மாட்டும் முனையை, கழற்றியதும் அடியில் துருப்பொடி உதிர்ந்தது. செம்புப் பின்னல் லக்குக்குள் நுழையும் இடத்தில் பச்சை பூத்து, விரலால் நிமிண்டினால் இழைகள் ஒடிந்தன.

புதுப் பட்டைக்குப் பதிலாக வெல்டிங் கேபிளில் ஒரு துண்டு வெட்டி, இரு முனையிலும் லக் அடித்தார். சேசிஸில் லக் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு, பெயின்ட்டும் துருவும் போய் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தார். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே கனமாக கிரீஸ் பூசினார். வரிசை முக்கியம்: இரும்போடு செம்பு வெறுமையாகத் தொட வேண்டும், கிரீஸ் வெளியிலிருந்து வருகிற தண்ணீரைத் தடுக்க மட்டும்.

மறுபடி சுற்றியபோது எஞ்சின் உடனே பிடித்தது. மீட்டரைப் பார்த்த தம்பியின் முகம் மாறியது. பேட்டரி முனையில் 10.3 வோல்ட். முன்பு 10.8 இருந்ததே, குறைந்துவிட்டதே என்று பயந்துவிட்டார். பாய் அவரைக் கூப்பிட்டு செல்ஃபில் அளக்கச் சொன்னார். 9.7. முன்பு 8.4 கிடைத்த இடத்தில் 9.7. வழி திறந்ததால் செல்ஃப் கூடுதல் மின்சாரம் எடுக்கிறது, அதனால் பேட்டரி முன்னைவிடக் கொஞ்சம் தாழ்கிறது. பேட்டரியில் எண் குறைந்ததே பழுது சரியானதற்கு அடையாளம். எனக்கு இதுதான் அந்த நாளின் மிகச் சிறந்த பாடம்.

டைனமோவையும் அவர் விடவில்லை. அதுவும் எஞ்சினில்தான் இருக்கிறது, அதன் மின்சாரமும் அதே பட்டை வழியாகத்தான் சுற்றி வருகிறது. பட்டை மாற்றும் முன்பே, விளக்கு, ஃபேன் எல்லாம் போட்டு அளந்து வைத்திருந்தார்: டைனமோவில் 14.2, பேட்டரியில் 13.6. இப்போது பேட்டரியிலும் 14.1. அந்த அரை வோல்ட் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இரவுப் பயணம் அதிகமுள்ள வண்டியில் பேட்டரி எப்போதும் முழுதாக ஏறாமலே கிடக்கும். அரைகுறையாகக் கிடக்கிற பேட்டரியில் சல்பேட் இறுகும். அது நிஜமாகவே செத்துப்போகும். புது பேட்டரி போடுவார்கள். அதுவும் சாகும்.

இன்னொன்றும் சொன்னார். பட்டை முழுதாக அற்றுப்போனால் மின்சாரம் சும்மா இருக்காது, எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற வேறு எதையாவது பிடித்துக்கொண்டு போகும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் சூடேறிப் புகைந்து வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறாராம். வாங்கிய கூலி புது பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

திருப்புல்லாணி, ராமநாதபுரம், உச்சிப்புளி என்று வேகமாக வந்துவிட்டோம். மண்டபத்தில் மட்டும் நான் இறங்கினேன். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு இங்கே ஓர் அரிமான ஆய்வு மையம் உண்டு. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. பேட்டரியும் அரிமானமும் அதன் இரு பெரிய துறைகள். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி, அவை எவ்வளவு வேகமாகக் கரைகின்றன என்று அளக்க மண்டபத்தைவிடப் பொருத்தமான இடம் நம் கரையில் தேடவேண்டும்.

அந்த நியாயம் பேட்டரியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1800இல் இத்தாலியில் அலெசாண்ட்ரோ வோல்டா தன் மின்னடுக்கை உலகத்துக்கு அறிவித்தார். துத்தநாகத் தகடு, அதன்மேல் வெள்ளியோ செம்போ, நடுவே உப்புநீரில் நனைத்த அட்டை. இரு வேறு உலோகங்கள், இடையில் உப்புநீர், அவ்வளவுதான் பேட்டரி. எங்கள் ஜீப்பின் சேசிஸில் என்ன இருந்தது? இரும்பு, அதன்மேல் செம்பு லக், இடையில் கடற்காற்று கொண்டுவந்து வைத்த உப்பு ஈரம். யாரும் கேட்காமலே அங்கே ஒரு செல் உருவாகிவிட்டது. செம்போடு சேரும்போது எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பது இரும்புதான், அதனால் கரைவதும் இரும்புதான். கரைந்த இரும்பு துருவாகப் பெருத்து லக்கைத் தூக்குகிறது, தொடும் பரப்பு சுருங்குகிறது. வேண்டாத ஒரு செல் வேண்டிய பேட்டரியின் வழியை அடைத்துவிடுகிறது.

பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியதும் பக்கத்தில் ரயில் பாலங்கள். 1914இல் திறந்த பழையது, நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த உப்போடு மல்லுக்கட்டி, 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திக்கொண்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதியதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்ஸேன் பூச்சு, முழுக்கப் பற்றவைத்த இணைப்புகள். பூட்டிய இணைப்பு என்று ஒன்று இருந்தால் இடுக்கு இருக்கும், இடுக்கில் உப்பு தங்கும். பொறியாளர்கள் இடுக்கையே எடுத்துவிட்டார்கள். வண்டியில் அப்படிச் செய்ய முடியாது. ஒவ்வொரு லக்கும் ஒவ்வொரு கனெக்டரும் ஒரு இடுக்கு. அவிழ்த்துத் துடைத்துப் பூட்டுவதுதான் ஒரே வழி.

1964 புயலுக்குப் பிறகு கைவிடப்பட்ட தனுஷ்கோடிக்கும் அதைத் தாண்டி அரிச்சல்முனைக்கும் இப்போது நல்ல தார்ச்சாலை. இருபுறமும் கடல். சாலை முடிகிற வட்டத்தில் ஒரு வேன் நின்றுபோயிருந்தது. உள்நாட்டு மாவட்டம் ஒன்றிலிருந்து வந்த பழைய டீசல் வேன். பாட்டுப் போட்டதில் பேட்டரி இறங்கிவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இருட்டுமுன் எல்லா வண்டிகளும் வெளியேற வேண்டும் என்பதால் அந்த ஓட்டுநருக்குப் பதற்றம். சில மாதம் முன்புதான் பேட்டரி மாற்றினாராம்.

மீட்டரைக் கையில் எடுத்தது நானல்ல, எங்கள் தம்பி. பேட்டரியில் 11.4. “அண்ணே, சாவியை ஒரு புள்ளி திருப்புங்க” என்று சொல்லிவிட்டு டாஷ்போர்டை எட்டிப் பார்த்தார். ஆயில் விளக்கு மங்கலாக எரிந்தது. பேட்டரிப் படம் போட்ட சார்ஜ் விளக்கு எரியவே இல்லை. “அண்ணாச்சி, சார்ஜ் லைட்டே வரல” என்றார்.

ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால் கோளாறு என்பது எல்லாருக்கும் தெரியும். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருக்கும்போது எரியாவிட்டாலும் கோளாறுதான். அந்த மாதிரிப் பழைய வண்டிகளில் டைனமோவின் உள்ளே காந்தத்தைத் தொடங்கிவைக்கும் மின்சாரம் இந்த விளக்கு வழியாகத்தான் போகிறது. விளக்கு எரியவில்லை என்றால் அந்த வழி அறுந்திருக்கிறது. டைனமோ சுற்றும், ஆனால் சார்ஜ் தராது. டீசல் எஞ்சின் ஓடுவதற்கு மின்சாரம் அதிகம் கேட்பதில்லை. பகலில் வந்ததால் விளக்கும் போடவில்லை. அப்படியே இங்கே வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஜம்பர் வயர் போட்டோம். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்பை அந்த வேனின் பேட்டரியில் மாட்டாமல் எஞ்சினின் வெற்று இரும்பில் மாட்டினோம். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பொறி அதனருகே தெறிக்கக்கூடாது. வேன் பிடித்தது. வயரை எடுத்ததும் பேட்டரியில் 12.0, டைனமோவின் முனையிலும் 12.0. இரண்டு இடத்திலும் ஒரே எண் என்றால் வழியில் எதுவும் தொலையவில்லை, பிறக்கவே இல்லை. நிறுத்திவிட்டு டைனமோ முதுகில் உள்ள சின்ன கனெக்டரைப் பிடுங்கினார் தம்பி. ஊசி முழுக்கப் பச்சை. கத்தியால் சுரண்டித் துடைத்துச் செருகி, சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி ஜம்பர் போட்டு ஸ்டார்ட் செய்தபோது அது அணைந்தது, பேட்டரியில் 13.6 வந்து, கொஞ்ச நேரத்தில் 13.9 ஆனது.

வேன் ஓட்டுநர் அப்படியே ஊருக்குக் கிளம்பப் பார்த்தார். வேண்டாம் என்று தடுத்தேன். ராமேஸ்வரம் வரை 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அரைமணி ஓட்டம். டைனமோ 30 ஆம்பியர் கொடுத்தாலும் அதற்குள் 15 ஆம்பியர்-மணிதான் ஏறும். அந்த பேட்டரிக்கு அது கால் பங்குக்கும் குறைவு. விளக்கைப் போட்டால் அதிலும் பாதி போய்விடும். ராமேஸ்வரத்தில் ஒரு கடையில் இரவு முழுக்க மெதுவாக, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் ஏற்றச் சொல்லுங்கள். காலையில் இறக்கி சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்தால் 12.6 காட்ட வேண்டும். காட்டி, செல்ஃப் சுற்றும்போதும் 9.6க்குக் கீழே இறங்காவிட்டால் புது பேட்டரிக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை என்றேன். அவர் வழியில் எங்கும் நிறுத்தாமல் எங்கள் பின்னாலேயே ராமேஸ்வரம் வந்து, கடையில் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தார்.